கொழும்புத்துறைக்குக் கோல் வந்த விதம்

ஒரு கோல் உலகத்தைச் சுற்றி வருகிறது என்றால், முதலில் கேட்க வேண்டிய கேள்வி அதைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறவர்கள் எங்கே மூத்திரம் பெய்வார்கள் என்பதுதான். அடுத்த கேள்வி, பின்னால் வரும் பஸ் எந்தச் சந்தியில் திரும்பும் என்பது. அதற்கடுத்தது, குடித்துவிட்டு எறிகிற தண்ணீர்ப் போத்தல்களை யார் பொறுக்குவது என்பது. நட்புறவு, ஒற்றுமை, இளைஞர் சக்தி எல்லாம் மேடையில் பேசுகிறவர்களுக்கான விஷயங்கள். அவர்கள் பேசிக்கொண்டிருக்கும்போது அம்புலன்சை எந்த மரத்தடியில் நிற்பாட்டலாம் என்று யோசிக்க ஒருத்தி வேண்டும். அந்த ஒருத்தி நான்.

கோலைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பல நாடுகள் கூடுகிற ஒரு விளையாட்டு விழா தொடங்குவதற்கு முன்னால் அது நாடு நாடாகப் போகும். விமானத்தில் வரும், வாகனத்தில் போகும், ஊருக்குள் வந்ததும் ஆட்களின் கையில் ஏறும். ஒருவர் கொஞ்சத் தூரம் ஓடி அடுத்தவரிடம் கொடுப்பார், அவர் ஓடி இன்னொருவரிடம் கொடுப்பார். எங்கள் நாட்டுக்கு வந்தபோது யாழ்ப்பாணத்துக்கு ஒரு பகல் கிடைத்தது. கணினி படித்து முடித்துவிட்டு வீட்டில் இருந்த நான், அந்த ஒரு பகலின் பாதையை ஒழுங்குசெய்யும் உள்ளூர்க் குழுவில் தொண்டராகச் சேர்ந்தேன். கேட்ட உடனேயே பெயரைக் கொடுத்தேன். என்ன வேலை என்று பிறகுதான் விசாரித்தேன். என் பழக்கம் அப்படி.

"உன்னை வேலை தேடச் சொன்னால், ஆரோ ஓடுறதுக்கு நீ றோட்டு அளந்துகொண்டு திரியிறாய்," என்றார் அம்மா.

"ஓமம்மா. வடிவா அளக்கிறன்."

உண்மையிலேயே அளந்தேன். அளவு நாடாவைத் தோளில் போட்டுக்கொண்டு ஸ்கூட்டியில் திரிந்தேன். சண்டிலிப்பாயில் புகையிலை ஏற்றுகிற உழவு இயந்திரங்கள் காலையில் றோட்டை முழுதாகப் பிடித்துக்கொள்ளும், ஆகவே அங்கே மதியத்துக்குப் பிறகுதான் போகலாம். எங்கள் கொக்குவிலில் றெயில் கடவை இருக்கிறது. கடவைத் தடுப்பு விழுகிற நேரத்தில் போனால் கோல் தண்டவாளத்துக்கு இந்தப் பக்கமும் அதன் பஸ் அந்தப் பக்கமும் நிற்கும். இதையெல்லாம் கண்டுபிடிக்கக் கண்டுபிடிக்க எனக்கு உற்சாகம் தலைக்கேறியது. நாங்கள் தினமும் போய் வருகிற றோட்டுகளை ஒரு பெரிய காரியத்தின் கண்ணால் பார்ப்பது ஒரு போதை.

கொழும்பிலிருந்து ஒரு ஒழுங்கமைப்பாளர் வந்திருந்தார். தமிழர்தான். நாடு முழுவதற்குமான பாதைக்கு அவர்தான் பொறுப்பு. நாங்கள் அவரை 'சேர்' என்று கூப்பிட்டோம். நல்ல மனிதர், சத்தம் போட்டுப் பேசமாட்டார், ஆனால் கையிலிருக்கும் டப்லட்டை விட்டுக் கண்ணை எடுக்கவும் மாட்டார். கோல் அன்று பின்னேரமே வடக்கை விட்டுப் போய்விட வேண்டும், அதற்காகக் கண்டி றோட்டில் தெற்கே ஒரு விமானத்தளத்தில் விமானம் காத்திருக்கும், அது பிந்தினால் அவர் தலைதான் உருளும். அது எனக்கு விளங்கியது. விளங்கியதற்காக நான் அடங்கிப்போகவில்லை.

கோலைத் தூக்க எங்கள் மாவட்டத்தில் தெரிவானவர்களுக்குச் சீருடை அளவு எடுப்பதும் என் வேலை. அப்படித்தான் யாழ்ப்பாணப் பட்டணத்தின் கடலோரமான கொழும்புத்துறையில் ஓர் அக்காவின் வீட்டுக்குப் போனேன். மீன்பிடிக் குடும்பம். அக்கா நண்டுக் கம்பனியில் வேலை செய்கிறார். பள்ளிக்கூடக் காலத்தில் மாகாண மட்டத்தில் எண்ணூறு மீற்றர் ஓடிப் பதக்கம் வாங்கியவர், அதனால்தான் தெரிவு செய்திருந்தார்கள். நான் போனபோது வேலையால் வந்து, நண்டு உடைத்துச் சிவந்த விரல்களுக்கு எண்ணெய் பூசிக்கொண்டிருந்தார்.

"எந்த இடத்திலை ஓட விடப்போறியள்?" என்று கேட்டார்.

"கோட்டையடியிலை அக்கா. நல்ல இடம். ரீவியிலை வடிவா வரும்."

"கோட்டையிலை எனக்கு ஆரைத் தெரியும்?"

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. எழுந்து கேற்றடிக்குப் போய் வெளியே றோட்டைக் காட்டினார். கடலை நோக்கி நேராகப் போகிற றோட். இரண்டு பக்கமும் மதில்கள், நடுவில் ஒரு சிறிய கோயில், மாதாவை வைத்த ஒரு சிறு கூடு, கடைசியில் இறங்குதுறை.

"இந்த றோட்டிலைதான் நான் ஓடிப் பழகினனான். விடிய எழும்பி இறங்குதுறை மட்டும் ஓடிப்போட்டு வருவன். காலும் தொடையும் தெரிய ஒரு குமர்ப்பிள்ளை ஓடுறாள் எண்டு இந்த வாசல் வாசலா முறைப்பாடு. அப்பு கடலாலை வந்து இறங்க முதல் ஆரேன் போய் நிண்டு சொல்லுவினம். அந்த மனுசன் எத்தினை பேருக்கு மறுமொழி சொல்லும்? நிப்பாட்டிப் போட்டார். பள்ளிக்கூட மைதானத்திலை மட்டும் ஓடு எண்டார். பள்ளிக்கூடம் முடிஞ்சுது, ஓட்டமும் முடிஞ்சுது."

அப்பு என்று அவர் சொன்னது தன் அப்பாவை. நான் றோட்டின் நீளத்தைக் கண்ணால் அளந்தேன்.

"இந்த றோட்டிலை ஓட விடுங்கோ. இந்த வாசல்களிலை எல்லாரும் நிக்கோணும், நான் ஓடோணும். அப்பிடி இல்லையெண்டால் எனக்கு உந்தக் கோல் வேண்டாம். வேறை ஆரையும் பாருங்கோ."

"சரி அக்கா," என்றேன். "இந்த றோட்டிலைதான் ஓடுவியள்."

யாரிடமும் கேட்காமல் சொன்ன வாக்கு. சொன்ன பிறகு அதைக் காப்பாற்ற ஒரு திட்டம் வேண்டும். அன்றே கொழும்புத்துறை றோட்டைப் பாதையில் சேர்த்தேன். இரண்டு பக்க மதிலுக்கு நடுவே ஒடுங்கிப் போகிற கொக்குவில் ஒழுங்கைகளும் சண்டிலிப்பாயும் ஏற்கெனவே இருந்தன. கோட்டையடி மட்டும் யாழ்ப்பாணம் இல்லை, ஆட்கள் இருக்கிற இடங்களுக்குக் கோல் போகட்டும் என்று குழுவில் வாதாடினேன். சேர் ஒரு தடவை டப்லட்டிலிருந்து தலையை நிமிர்த்தினார்.

"ஒத்திகை பார்ப்போம். நேரம் சரியா வந்தா எனக்குப் பிரச்சினை இல்லை."

ஒத்திகையைக் கொக்குவிலில் வைத்தேன். என் சொந்த ஊர், எல்லாம் என் கைக்குள் என்ற திமிர். உண்மையான கோல் இன்னும் நாட்டுக்கே வரவில்லை. ஹாட்வெயர் கடையில் தண்ணீர்க் குழாய்த் துண்டொன்று வாங்கி, பரிசுப் பொருளுக்குச் சுற்றுகிற தங்கநிறத் தாளைச் சுற்றினேன். எங்கள் ஒழுங்கைப் பெடியன் ஒருவன் அதைப் பிடித்துக்கொண்டு ஓட, நான் ஸ்கூட்டியில் பின்னால், சேர் வாகனத்தில் அதற்குப் பின்னால். ஓட்ட வேகத்தை வைத்து எல்லாம் கணக்குப் போட்டிருந்தேன். ஒரு கணக்கும் பிழை இல்லை.

முதலாவது கேற்றிலேயே நிறைகுடம் இருந்தது.

எங்கள் ஊரில் பிறந்த எனக்கு இது தோன்றாமல் போனதை இன்றைக்கும் நம்ப முடியவில்லை. வாசலுக்கு மதிப்பான ஒன்று வருகிறது என்றால் எங்கள் ஆட்கள் கைகட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டிருப்பார்களா? வெள்ளை விரித்த மேசை, அதில் தலைவாழையிலை, நெல், தண்ணீர் நிறைந்த பித்தளைக் குடம், மாவிலை, தேங்காய், இரண்டு பக்கமும் குத்துவிளக்கு. வைத்த வீட்டில் நிற்காமல் போனால் அந்த வீட்டை அவமதித்தது போல. நின்றால், சந்தனம் வைத்து, பூப் போட்டு, ஒரு நிமிஷம் கும்பிட்டு விட்ட பிறகுதான் அடுத்த வாசல். அடுத்த வாசலிலும் நிறைகுடம். அதற்கடுத்ததிலும். ஒருவர் வைத்ததைக் கண்டு மற்றவர் ஓடி ஓடி வைத்திருக்கிறார்கள்.

ஸ்கூட்டியை எறிந்துவிட்டு ஓடினேன். "மாமி, இது கோல் இல்லை. வெறும் பைப். தண்ணி பைப்!"

"தெரியும் பிள்ளை," என்றார் மாமி, குழாய்க்குச் சந்தனம் பூசிக்கொண்டே. "ஆனா வாறது எங்கடை வாசலுக்கெல்லோ."

"இண்டைக்கு ஒத்திகை மாமி!"

"அதுதான் நாங்களும் ஒத்திகை பாக்கிறம். உனக்கு மட்டுமோ ஒத்திகை?"

ஒழுங்கை முடிவதற்குள் அந்தத் தண்ணீர்க் குழாய்க்குச் சந்தனம், குங்குமம், மூன்று மாலை. தங்கத் தாள் ஈரத்தில் கழன்று பைப்பின் கம்பனிப் பெயர் தெரிந்தது. ஓடி வந்த பெடியன் நெற்றி முழுக்கத் திருநீறோடு, இனி என்ன செய்வது என்று என்னைப் பார்த்தான். அந்த நேரம் பார்த்து றெயில் கடவையும் விழுந்தது. திரும்பிப் பார்த்தேன். சேர் வாகனக் கண்ணாடியை மெதுவாக ஏற்றிக்கொண்டிருந்தார்.

அன்று பின்னேரமே முடிவு வந்தது. ஒழுங்கைகள் எல்லாம் ரத்து. கோல் ஊர்களுக்குள் வாகனத்தில் போகும். ஓட்டம் கோட்டையடியில் மட்டும், படத்துக்கு.

"ஆக்கள் அன்பாத்தான் செய்றாங்க. எனக்கு விளங்குது தங்கச்சி," என்றார் சேர். "ஆனா அந்த அன்பை நான் எந்த நேர அட்டவணையில போடுறது?"

"சேர், வாகனத்துக்குள்ளை வைச்சுக் கொண்டுபோறதெண்டால் அது என்ன தொடரோட்டம்? பார்சல் சேர்விஸ்."

குழுவில் இருந்த பெரியவர்கள் என்னை முறைத்தார்கள். நான் உட்காரவில்லை. உலகம் முழுதும் ஓடி வருகிற கோல் எங்கள் ஊருக்கு வந்தவுடன் ஏன் வாகனத்தில் ஏறிக் கண்ணாடியை ஏற்ற வேண்டும்? எங்களுக்கு மட்டும் ஏன் தூர நின்று பார்க்கும் மரியாதை? இதை நான் கொஞ்சம் உரக்கவே கேட்டேன்.

சேர் டப்லட்டை மடியில் வைத்தார். "சரி. ஒரு ரோடு. ஒண்டே ஒண்டு. எதுன்னு நீங்களே சொல்லுங்க. வாசலில ஒரு குடமும் இருக்கக் கூடாது, ஓட்டம் நிக்கக் கூடாது. அன்னைக்கு நாங்க நேரம் பிந்தியிருந்தா அந்த ரோடும் கட். அப்ப என்னோட வாதாட வரக் கூடாது."

"கொழும்புத்துறை," என்றேன்.

வீட்டில் பூகம்பம். எங்கள் ஒழுங்கையே என்னோடு கதைக்கவில்லை. சந்தனம் பூசிய மாமி மதிலுக்கு மேலால் கேட்டார்: "ஊரைக் கூட்டி ஒத்திகை பார்த்திட்டு, கோலை அங்காலை அனுப்பிப் போட்டியோ?" அம்மா அதைவிட மோசம். "பிறந்த ஊரை விட்டிட்டுப் போற பிள்ளையைப் பெத்திருக்கிறன்," என்று சமையலறையிலிருந்து எனக்குக் கேட்கிற மாதிரிச் சொல்வார். எங்கள் ஒழுங்கையில் ஓட விடாமல் தடுக்கப்பட்ட ஒருவர் இருந்திருந்தால் நான் எங்கள் ஒழுங்கையைச் சொல்லியிருப்பேன்.

கொழும்புத்துறையில் சந்திக் கடைக்கு முன்னால் ஆட்களைக் கூட்டினேன். பட்டணத்திலிருந்து வரும் பெரிய றோட்டிலிருந்து கொழும்புத்துறை றோட் பிரிகிற சந்தி அது. கடைக்காரரை நான் மாமா என்று கூப்பிடுவேன், அவர் என்னை "கொம்பியூட்டர்" என்று கூப்பிடுவார். சைவ வீடுகளும் கத்தோலிக்க வீடுகளும் அடுத்தடுத்து இருக்கிற றோட் என்பதால், ஒரு பக்கம் நிறைகுடம் என்றால் மறுபக்கம் மெழுகுதிரியும் மாதா சுரூபமும் வைக்கிற உத்தேசத்தில் இருந்தார்கள்.

"வாசலிலை ஒண்டும் வையாதேங்கோ," என்று கும்பிட்டுக் கேட்டேன்.

"ஒண்டும் வையாமல் விட்டால் கொக்குவில் ஆக்கள் எங்களைப் பற்றி என்ன கதைப்பினம்?" என்றார் ஒருவர்.

"கொக்குவில் ஆக்கள் வைச்சபடியால்தான் அவைக்குக் கோலே போகேல்லை," என்றார் கடைக்கார மாமா. எல்லோரும் சிரித்தார்கள். என் ஊரைப் பற்றிச் சிரிக்கிறார்களே என்று எனக்குக் கொஞ்சம் குத்தியது, ஆனாலும் சிரித்தேன்.

கடைசியில் ஓர் உடன்பாடு வந்தது. வாசல்களில் ஒன்றுமில்லை. றோட் முழுவதற்கும் சேர்த்து, சந்தியில் கடையோரமாக ஒரே ஒரு மேசை. அதில் நிறைகுடமும் இருக்கும், பக்கத்தில் மெழுகுதிரியும் இருக்கும். கோல் அதைக் கடந்துதான் றோட்டுக்குள் திரும்பும், நிற்கத் தேவையில்லை. இதைச் சேரிடம் நான் சொல்லவில்லை. அவர் சொன்னது வாசலைப் பற்றி. சந்தி வாசல் இல்லை.

கூட்டம் கலையும்போது ஒரு பெரியம்மா கேட்டார். "ஓடுறது சரி. என்ன உடுப்போடை ஓடப் போறாள்?"

அக்கா என் காதுக்குள் சொன்னார். "அப்புவுக்கு முறைப்பாடு சொன்னவையிலை இவதான் முதலாள்." பிறகு சத்தமாக, "அரைக் காற்சட்டை, பெரியம்மா. வந்து பாருங்கோ."

அந்த நாள் வந்தது. முன்னால் போகிற வழிகாட்டி வாகனத்தில் சாரதிக்குப் பக்கத்தில் நான், பின் ஆசனத்தில் சேர். சாரதி தெற்கிலிருந்து வந்த சிங்களவர். கொஞ்சம் தமிழ் பேசுவார், என்னை 'மிஸ்' என்பார். கோல் எங்களுக்குப் பின்னால் வந்த வாகனத்தில், கண்ணாடிப் பெட்டிக்குள். அதற்குக் காவலாக ஒரே மாதிரி உடுப்புப் போட்ட இரண்டு இளைஞர்கள்.

கோட்டையடியில் ஓட்டம் நன்றாகவே நடந்தது. பேச்சுத்தான் நடந்துகொண்டே இருந்தது. ஒருவர் முடிக்க அடுத்தவர். எல்லோரும் சுருக்கமாகப் பேசுவதாகத்தான் தொடங்கினார்கள். ஒலிபெருக்கியின் வயரைப் பிடுங்கிவிடலாமா என்று எனக்குக் கை துருதுருத்தது. வெயில் உச்சிக்கு ஏறிய பிறகுதான் வாகனங்கள் கிளம்பின. சேர் வோக்கி டோக்கியை வாய்க்குக் கிட்டக் கொண்டுபோனார்.

"கொழும்புத்துறை கட். திரும்ப வேணாம். நேரா கண்டி ரோடு."

நான் திரும்பினேன். "சேர்…"

"வாதாட மாட்டேன்னு சொன்னீங்க."

"நீங்கள் சொன்னியள். நான் சொல்லேல்லை."

அவர் டப்லட்டுக்குத் திரும்பினார். வாசலில் குடம் வைத்ததால் நேரம் போனால் ஒழுங்கைகள் ரத்து. மேடையில் பேசிப் பேசி நேரம் போனாலும் ஒழுங்கைதான் ரத்து. பேச்சை ரத்துச் செய்ய யாருக்கும் தோன்றவில்லை. நான் போனை எடுத்து, ஒளிக்காமல், அவருக்குக் கேட்கத்தக்கதாகவே அக்காவோடு பேசினேன்.

"அக்கா, திருப்ப மாட்டினமாம். நேரை போகினமாம்."

மறுமுனையில் ஆட்களின் இரைச்சலுக்கு மேலால் அக்கா கேட்டார்.

"நீ எத்தினையாவது வாகனத்திலை?"

"முதலாவதிலை."

"சரி, வா," என்றுவிட்டு வைத்துவிட்டார்.

சந்தி கண்ணுக்குத் தெரிந்தபோது சாரதி வேகத்தைக் குறைத்தார். பிறகு பிறேக்கை மிதித்தார். பிறகு எஞ்சினையே நிற்பாட்டினார். கடையோரம் இருக்க வேண்டிய மேசை பெரிய றோட்டின் நட்டநடுவில் நின்றது. வெள்ளைத் துணி, நெல், குடம், மாவிலை, தேங்காய், எரிகிற விளக்குகள், கண்ணாடிக் குவளைக்குள் மெழுகுதிரி. அதற்குப் பின்னால் வெள்ளைச் சீருடையில் அக்கா. கால் வெறுங்கால். நாங்கள் அனுப்பிய சப்பாத்து அளவு பிழைத்துப் பெரிதாய் வந்திருந்ததாம்.

"ஏன் நிப்பாட்டினீங்க? பக்கத்தால எடுங்க," என்றார் சேர்.

சாரதி தலையை ஆட்டினார். "சேர், புன்கலச." அவர்கள் ஊரிலும் கலியாணத்துக்கும் நல்ல காரியத்துக்கும் வாசலில் வைக்கிற நிறைகுடம் அது, பெயர்தான் வேறு. "விளக்கும் பத்தியிருக்கு. எப்பிடி சேர் போறது? நான் போக மாட்டேன்."

முன்னால் போன பொலிஸ் மோட்டார் சைக்கிள்காரரும் காலை ஊன்றிக்கொண்டு ஆகாயத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். சேர் இறங்கினார். நானும் இறங்கினேன்.

"யார் இதை நடு ரோட்டில வச்சது?"

"நான்தான்," என்றார் அக்கா. "மாமா ஒரு பக்கம் பிடிச்சவர்."

"ஓம், நானும்தான்," என்றார் கடைக்காரர்.

"இங்க பாருங்க, நேரம் இல்லை. விமானம் காத்துக்கொண்டிருக்குது…"

"அப்ப ஏன் சேர் நிண்டு கதைக்கிறியள்? கோலைத் தாங்கோ, ஓடிப்போட்டு வந்து தாறன். விருப்பமில்லையெண்டால் குடத்தைத் தூக்கி ஒரு பக்கம் வைச்சிட்டுப் போங்கோ. நாங்கள் மறிக்க மாட்டம்."

"தூக்கிறதெண்டால் தூக்குங்கோ தம்பி," என்றார் கடைக்கார மாமா மிகவும் மரியாதையாக. "தண்ணி சிந்தாமல் தூக்கோணும், அவ்வளவுதான்."

சேர் மேசையின் விளிம்பில் கை வைத்தார். குடத்துத் தண்ணீர் மெல்ல அசைந்தது. அவருடைய அம்மாவும் ஏதோ ஒரு வாசலில் ஏதோ ஒரு நாள் இப்படி ஒன்றை வைத்திருப்பார். கையை எடுத்துவிட்டார். பிறகு என்னைப் பார்த்தார்.

"இது உங்கட வேலையா?"

"ஓம் சேர்," என்றேன். பாதிதான் என் வேலை. மீதியும் என் தலையில் விழட்டும் என்று இருந்தது.

"வாகனம் ஒண்டும் உள்ளுக்கு வராது. கமெராவும் வராது."

"வராட்டி நல்லம்," என்றார் அக்கா. "றோட்டு அகலமா இருக்கும்."

கண்ணாடிப் பெட்டி திறந்தது. காவல் இளைஞர்கள் இரண்டு பேரும் அக்காவின் இரு பக்கமும் வந்து நின்றார்கள். கோலைப் பிடிக்கிறவர் மெதுவாக, சிரித்த முகத்தோடு, படம் எடுக்க வசதியாக ஓட வேண்டும் என்பது விதி. அந்த விதியை அளவெடுக்கப் போன அன்றே நான் அக்காவுக்குப் படித்துக் காட்டியிருந்தேன். அவர் கோலை வாங்கினார், ஒரு தடவை மூச்சை இழுத்தார், பாய்ந்தார். எண்ணூறு மீற்றர் ஓடுகிறவள் கடைசிச் சுற்றில் ஓடுகிற ஓட்டம் அது. "சிஸ்டர், ஸ்லோ! ஸ்லோ!" என்று கத்திக்கொண்டு இளைஞர்கள் பின்னால் ஓடினார்கள். நான் கடைக்கார மாமாவின் சைக்கிளைப் பறித்துக்கொண்டு அவர்களுக்குப் பின்னால் போனேன்.

றோட்டு ஆட்கள் எனக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்றியிருந்தார்கள். ஒரு வாசலிலும் குடம் இல்லை, மேசை இல்லை. ஆனால் தார் றோட் முழுக்க ஈரமாக இருந்தது. காவடி எடுத்து வருகிறவர்களின் கால் சுடக் கூடாதென்று ஊற்றுவார்களே, அது மாதிரி ஒவ்வொரு வீட்டுக்காரரும் தங்கள் மதில் நீளத்துக்கு வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றியிருக்கிறார்கள். வெறுங்காலோடு அவள் வரப்போகிறாள் என்று யாரோ சொல்லியிருக்க வேண்டும். கோயிலடியிலும் ஈரம், மாதா கூட்டடியிலும் ஈரம். இதை நான் திட்டமிடவில்லை. என் வரைபடத்தில் தண்ணீர் என்றால் போத்தல்தான்.

ஆட்கள் கத்தினார்கள், விசில் அடித்தார்கள். அவளை அக்கா என்று எழுதிக்கொண்டு வந்த எனக்கு இப்போது அவள் என்றுதான் எழுத வருகிறது. அந்த றோட்டில் அப்போது ஓடியது என்னைவிடச் சின்னப் பெண்.

இறங்குதுறையில் நின்றாள். அடுத்ததாகக் கோலை வாங்க வேண்டிய ஆள் அங்கே இல்லை, றோட்டை ரத்துச் செய்தவுடன் அவரை வாகனத்தில் ஏற்றிக் கொண்டுபோய்விட்டார்கள். வள்ளங்களுக்குப் பக்கத்தில் அவளுடைய அப்பா நின்றார். தெரிவானவர்களைத் தவிர வேறு யாரும் கோலைத் தொடக் கூடாது. அவள் நேரே போய் அவர் கையில் கொடுத்தாள். அவர் அதைத் துடுப்பைப் பார்க்கிற மாதிரி நிறை பார்த்தார்.

"உந்தத் தடிக்கோ இவ்வளவு பாடு?"

"தடிக்கில்லை அப்பு. றோட்டுக்கு."

காவல் இளைஞர்கள் மூச்சு வாங்கி வந்து சேர்ந்தபோது கோல் மறுபடி அவள் கையில் இருந்தது. ஒருவன் குனிந்து முழங்காலைப் பிடித்துக்கொண்டு, "திரும்பியும் இப்பிடியேதான் ஓடுவீங்களா?" என்று கேட்டான். "நீங்கள் ஆறுதலா வாங்கோ தம்பி," என்றுவிட்டு அவள் திரும்பி ஓடினாள். பிந்தி வந்த ஆட்களுக்கெல்லாம் இரண்டாம் தடவை.

சந்தியில் சேர் கோலை வாங்கிப் பெட்டிக்குள் வைத்தார். "நீங்க இனி வர வேணாம்," என்று என்னிடம் சொன்னார். கோபமாகச் சொல்லவில்லை. மேசையை மாமாவும் அக்காவும் கடையோரத்துக்குத் தூக்கி வைத்தார்கள், சாரதி எனக்குக் கையைக் காட்டிவிட்டு வாகனத்தை எடுத்தார், எல்லாம் கண்டி றோட்டால் போய்விட்டன. விமானம் கோலை விட்டுவிட்டுப் போகவில்லை என்று பிறகு அறிந்தேன். குழுவில் என்னைக் கூப்பிட்டு ஏசினார்கள். இனிமேல் எந்த ஒழுங்கிலும் உன்னைச் சேர்க்க மாட்டோம் என்றார்கள். சேர்க்காவிட்டால் போகட்டும். இந்தக் குடாநாட்டில் எந்த ஒழுங்கைக்குள் எந்த வாகனம் திரும்பும், எந்த வாசலில் எவ்வளவு நேரம் நிற்க வேண்டி வரும் என்று எனக்குத் தெரியும். அடுத்த தடவை பாதை போடுகிறவர் நேர அட்டவணையில் வாசல்களுக்கும் ஒரு வரி போடட்டும். எங்கள் ஊருக்கு வருகிறவர்கள் எங்கள் ஊரின் வேகத்தையும் கொஞ்சம் கணக்கில் எடுத்தால் ஒன்றும் குறைந்துவிடாது.

அடுத்த நாள் விடிய, ஒரு நினைப்பில் ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு கொழும்புத்துறைக்குப் போனேன். நான் நினைத்தது சரி. அக்கா ஓடிக்கொண்டிருந்தார். அதே அரைக் காற்சட்டை, வெறுங்கால், வெறுங்கை. பக்கத்தில் மெதுவாக ஓட்டிக்கொண்டு போனேன். வாசல் கூட்டிக்கொண்டிருந்த அந்தப் பெரியம்மா விளக்குமாறை ஊன்றிக்கொண்டு நிமிர்ந்தார்.

"என்னடி, இண்டைக்கும் ஓட்டமோ? கோல் எங்கை?"

அக்கா நிற்கவில்லை. தலையை மட்டும் திருப்பினார்.

"கோல் போயிட்டுது பெரியம்மா. நான் இருக்கிறன்."